சங்கராபரணிக் கரையில் ஓர் ஆற்றுப்பாலை

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. முதலியார்பேட்டையிலிருந்து புறப்பட்டுப் பேருந்து நிலையத்தில் வில்லியனூர் வண்டி ஏறினேன். கட்டணம் பதினைந்து ரூபாய். ரெட்டியார்பாளையம் தாண்டும் வரை நின்றுகொண்டே பயணம். என் தங்கை வேதவல்லியின் கணவர் கலியபெருமாள் முதல்நாள் மாலை தொலைபேசியில் அழைத்திருந்தார்.

"மச்சான், அந்த மரம் பட்டுப்போச்சான்னு எனக்குத் தெரியணும். தனியா பாக்க தெம்பு இல்ல. ஒரு நட வந்துட்டுப் போங்க."

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்ற ஐப்பசியில் தங்கை இறைவனடி சேர்ந்தாள். பத்தாம் நாள் சடங்கின்போது ஆற்றங்கரையில் நிழலுக்காக கரையோரம் வளரும் ஆற்றுப்பாலை மரத்தின் பச்சைக் கொம்புகள் நான்கை நட்டுக் கீற்று வேய்ந்தோம். அடுத்து வந்த மழையில் சங்கராபரணி பெருகி மூன்றை அடித்துச் சென்றது. நான்காவது கொம்பு பல நாள் வெள்ளத்திலேயே நின்றது. நீர் வடிந்தபோது அதன் தண்டெங்கும் செந்நிற வேர்கள் நூல்நூலாகத் தொங்கின, உச்சியில் தளிர். இழவுக்கு நட்டது துளிர்க்கலாகாது, பிடுங்கிவிடு என்றனர் உறவினர். கலியபெருமாள் இசையவில்லை.

வில்லியனூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஆட்டோவில் சென்று, ஒன்பது மணிக்குக் கரையை அடைந்தேன். ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. அவர் குடமும் மண்வெட்டியுமாகக் காத்திருந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி உரக்கக் கேட்டாள்:

"இன்னா மாமா, அக்கா இருந்தப்ப ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்திருப்பியா? இப்ப கொடம் கொடமா ஊத்துற!"

"போடி, ஒன் ஆட்ட புடிச்சிக் கட்டு" என்றார் அவர், சிரிக்காமல்.

கரையோரத்து முதிய ஆற்றுப்பாலைகளும் இலையுதிர்த்தே நின்றன. அவற்றைக் காட்டினேன்.

"அதுங்க சாவல மச்சான். வெள்ளம் வந்தா தண்டுலயே வேர் விட்டு மூச்சு விடும். கோடையில எலைய உதுத்துட்டு, வேர கீழ அனுப்பித் தண்ணியத் தேடும்."

"அப்ப இதுவும் அப்படித்தான இருக்கும், மாப்ள?"

அவர் அந்தக் கொம்பின் அருகே போய்க் குந்தினார். மார்கழி முதல் நாள்தோறும் அதற்கு நீர் ஊற்றி வந்தவருக்குப் பங்குனியில் கண் அறுவை சிகிச்சைக்காக மகள் வீட்டில் சில வாரம் தங்க நேர்ந்தது. திரும்பியபோது கொம்பில் ஓர் இலையும் இல்லை.

நகத்தால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சை இல்லை, பழுப்பு. முழங்கால் உயரத்திலும் பழுப்பு. அவர் அடியைத் தோண்டினார். ஒரு சாண் ஆழத்துக்குள் வேர்கள் பாய்போல் பின்னிக் கிடந்தன, அத்தனையும் காய்ந்து. அதற்குக் கீழே ஒரு வேர்கூட இறங்கவில்லை. அவர் நிறுத்தாமல் தோண்டினார். இரண்டு முழத்தில் மணல் ஈரமாக வந்தது.

அந்த ஈர மணலைக் கையில் அள்ளியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் மேலயே ஊத்திக்குனு இருந்தேன். அது ஏன் கீழ போவும்? வுட்டிருந்தா அதுவே தேடிக்குனு போயிருக்கும், மச்சான்."

ஆறுதலாக ஒரு பாசுரம் சொல்ல வாயெடுத்தேன். கோயிலில் இறைவன் அருளை மழையென்றும் வெள்ளமென்றும் ஆயிரம் முறை பாடியவன், அந்தக் காய்ந்த வேர்களைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். அவர் தோளில் கைவைத்து உடன் அமர்ந்திருந்தேன்.

நண்பகலில் விடைபெற்றேன். "மழைக்கு அப்பறம் இன்னொரு கொம்பு நடுவேன். இந்த வாட்டி ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்" என்றார்.

அவரால் அது ஆகாது என்று எனக்குத் தெரியும். பேருந்து முதலியார்பேட்டையை நெருங்கும் வரை, அவர் இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். நானும் ஊற்றித்தான் இருப்பேன்.