எட்டு கிலோபிட்

செம்பாக்கத்தில் நாங்கள் நால்வர் தங்கியிருந்த மாடிக்கு ஒரே ஓர் இணைய இணைப்புதான். படிக்கட்டுக்குக் கீழே அலமாரியில் இருந்த பழைய லினக்ஸ் கணினி அதை நான்கு அறைகளுக்கும் பங்கிட்டது. அதை அமைத்தவர் வீட்டுக்காரம்மாவின் தம்பி. அவர் மறைமலை நகருக்கு வேலைக்குப் போனபோது, கட்டளைகள் எழுதிய நோட்டை என்னிடம் ஒப்படைத்தார். இலக்கியம் படிக்கிறவள் பிழையில்லாமல் எழுதுவாள் என்று நினைத்திருப்பார். ஒரு புள்ளி பிசகினாலும் ஏற்காத அந்த மொழி எனக்கும் பிடித்துப்போயிற்று.

கடைசி அறையில் இருந்தவள் கடற்கரைக் குப்பத்துப் பெண், எங்களுக்கு இளையவள். ஞாயிறுதோறும் அவள் அம்மா தூக்குச்சட்டியில் மீன்குழம்பு கொண்டுவருவார். வணிகவியல் படித்த மற்ற இருவரும் அன்று முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். ஒரு திங்கட்கிழமை அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

“அவ ரூமுக்கு மட்டும் லைனைக் கொஞ்சம் டைட் பண்ணேன். சண்டையே வேணாம், தானா காலி பண்ணிட்டுப் போயிடும்.”

எனக்கு அவள்மீது கோபம் எதுவும் இல்லை. அதுவரை அவர்கள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, அன்று கேட்டார்கள். அவள் கணினிக்கு மட்டும் வினாடிக்கு எட்டு கிலோபிட் என்று வரம்பு வைத்தேன், ஒரு பக்கம் திறக்கவே பல நிமிடம் பிடிக்கும் வேகம். மின்சாரம் போய் வந்தாலும் அது நிலைக்க வேண்டுமென்று, லினக்ஸ் கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் படிக்கும் கோப்பில் அந்த வரியைச் சேர்த்தேன்.

புதன்கிழமை அவள் என் கதவைத் தட்டினாள்.

“அக்கா, என் ரூம்ல மட்டும் நெட்டு நவுரவே மாட்டேங்குது. இன்னா கோளாறுன்னே தெர்ல. கொஞ்சம் பாருங்களேன்.”

பார்த்தேன். கேபிளை மாற்றினேன். இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் தகவல்களை அனுப்பினேன், அத்தனை சிறிய தகவலுக்கு எட்டு கிலோபிட் தாராளம், எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. “லைன் நல்லாத்தான் இருக்கு. உன் கம்ப்யூட்டர்லதான் வைரஸ்” என்றேன். அவள் அன்றே எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினாள். உதவித்தொகை விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்து வைத்திருந்த சான்றிதழ்களும் அதோடு போயின.

மறுநாள் தாம்பரத்துக்குப் போய் மீண்டும் ஸ்கேன் செய்துகொண்டு வந்தாள்.

“இது கெடச்சாதான்க்கா எங்க வூட்ல மேல படிக்க வுடுவாங்க. நாளைக்கு அஞ்சு மணிதான் கடைசி. பிரின்சிபால் கையெழுத்த வாங்கினு, அப்படியே பிரவுசிங் சென்டர்ல அனுப்பிடறேன்.”

கீழே போய் வரம்பை நீக்கினேன். திரும்பி வந்து, “சென்டருக்கெல்லாம் வேணாம். சரி பண்ணிட்டேன், இங்கேயே அனுப்பு” என்றேன். ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள், உடனே வந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

வெள்ளிக்கிழமை நான் கல்லூரியில் இருந்தேன். நான்கு மணிக்கு மின்சாரம் போய், நாலரைக்கு வந்திருக்கிறது. லினக்ஸ் கணினி மறுபடி தொடங்கித் தன் கோப்பைப் படித்தது. ஓடிக்கொண்டிருந்த வரம்பைத்தான் நான் நீக்கியிருந்தேன். கோப்பில் எழுதிய வரி அப்படியே இருந்தது. மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். நான் எதையும் மறக்கிறவள் அல்ல.

ஐந்தரைக்கு மாடியேறினேன். அவள் திரையில், விண்ணப்பம் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் நீலக் கோடு பாதியில் நின்றிருந்தது. வாசலில் மற்ற இருவரும் சாய்ந்து நின்றார்கள்.

“என்னடி, வலை கிழிஞ்சிடுச்சா?”

“விடுடி, நாளைக்கு வேற கடல்ல வீசிக்குவா.”

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. “நீங்க எவ்ளோ பாத்தீங்கக்கா. என் கெரகம்” என்று என்னிடம் சொன்னாள். கீழே போய்க் கோப்பிலிருந்த வரியை அழித்தேன்.

அந்த ஞாயிறு அவள் அம்மா பெட்டியைத் தூக்க வந்தார். படியில் என்னைக் கண்டதும் தூக்குச்சட்டியை என் கையில் திணித்தார்.

“இங்க ஒத்தாச பண்ணது நீ ஒருத்திதானாமே. துண்ணு, கண்ணு.”

இருவரின் அறைக்கதவும் சாத்தியிருந்தது. என் கதவையும் சாத்திக்கொண்டு, அத்தனையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.