பிரான்சுக்குப் போகாத ஆட்டக்காரி

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் நான் ஆடியது வலைப்பந்து. அதில் பந்தைப் பிடித்தவள் ஓடக் கூடாது. பதினாறு வயதில் மொன்றியலுக்கு வந்து முதன்முதலாகக் கூடைப்பந்துக்குப் போன நாள், பந்து கைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எல்லோரும் பிரெஞ்சில் கத்தினார்கள். ஓடலாம் என்று தெரியும், கால்தான் கேட்கவில்லை.

ஆறு வருடங்களுக்குப் பிறகு, பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் சின்னக் கூடைப்பந்து லீக் ஒன்று இந்த நகரத்தில் தொடங்கியது. என்னையும் எடுத்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எங்கள் ஊர்க்காரர்கள் அப்பாவை நிறுத்திக் கேட்டார்கள்.

"பந்து எறியிறதுக்கும் சம்பளமோ?"

"ஓம், என்ரை பிள்ளைக்குக் குடுக்கினம்."

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வேலை முடிந்ததும் அந்த மஞ்சள் மேலங்கியோடேயே வந்து மேல்வரிசையில் தனியாக இருப்பார். ஆட்டம் ஒன்றும் விளங்காது. நான் விழுந்தால் மட்டும் எழும்பி நிற்பார்.

இரண்டு பருவங்களோடு லீக்கை மூடுவதாக அறிவித்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் எங்கள் பயிற்சியாளரான அம்மையார் என்னைக் கூப்பிட்டார். பிரான்சில் ஒரு கழகம் என்னைக் கேட்கிறது, மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

காரில் அப்பாவிடம் சொன்னேன்.

"போகப் போறியோ, பிள்ளை?"

"தெரியேல்லை அப்பா."

"போறதெண்டால் நான் கொண்டுபோய் ஏத்திவிடுறன். இல்லையெண்டாலும் சரி. எங்களுக்காக மட்டும் நிக்காதை."

எனக்குப் பயமாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை நாடு மாறி, மொழி மாறி, ஊமைபோல் இருந்தவள் நான். அங்கேயும் பிரெஞ்சுதான் என்றாலும் இன்னொரு நாடு, அதுவும் தனியாக, முடியாது. ஆனால் பயம் என்று சொல்ல வெட்கம். பயிற்சியாளரிடம், "அப்பா விடமாட்டாராம்" என்று சொன்னேன்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் அவர் நேரே அப்பாவிடம் போனார். பத்தடி தள்ளி நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் அவளைத் தடுத்தீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் மகள். தூரம் வேண்டாம்" என்றார், தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில்.

வீட்டுக்குப் போகிற வழியில் கோப்பி வாங்கித் தந்தார். "சீனி காணுமோ?" என்று கேட்டார். என் பொய்யைப் பற்றி நாங்கள் அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பேச வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நினைப்பேன். நாலு வருடத்துக்கு முன் அவர் போய்விட்டார்.

செத்தவீட்டுக்குப் பயிற்சியாளரும் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்து, "நல்ல மனிதர். உன்னை மட்டும் விட்டிருக்கலாம்" என்றார்.

"அவர் விட்டார். நான்தான் போகவில்லை."

என் கையை விட்டார். பிறகு திரும்பிப் பெட்டியருகே போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இப்போது மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மதிய இடைவேளையில் சில நாள் கைபேசி வரைபடத்தில் அந்தப் பிரெஞ்சு ஊரைத் திறந்து பார்ப்பேன். ஆறு, பாலம், பாண் சுடுகிற ஒரு கடை. நான் ஒருநாளும் நடக்காத அந்தத் தெருவில் எந்த மூலையில் திரும்பினால் விளையாட்டரங்கு வரும் என்பது எனக்கு மனப்பாடம்.