மதியத்தில் மட்டும் முறியும் டேப்

கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றபோதுதான் அது உறைத்தது. பட்டறையில் இதுவரை முறிந்த, மரை வெட்டும் டேப் மூன்றும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே முறிந்திருக்கின்றன. காலையில் ஒன்றுகூட இல்லை.

விழுப்புரத்திலிருந்து தினமும் திண்டிவனம் போய்வருகிறேன். அங்கே ஒரு பட்டறையில் கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின் என் பொறுப்பு. இரும்புக் கட்டையில் ட்ரில் துளை போடும். பின்னாலேயே டேப் இறங்கி, துளைக்குள் மரை வெட்டிவிட்டு ஏறும். உள்ளேயே முறிந்தால் கட்டையும் வீண். மூன்றாவது முறிந்த அன்று முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னும் ஒண்ணு ஒடையட்டும், நீ பேக்கிங்குக்குப் போயிடு. மரையெல்லாம் பழையபடி அவரே கையால போட்டுக்குவாரு."

அவர் என்றால், நான் சாப்பிடும் அரைமணி நேரம் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். மெஷின் வருவதற்கு முன் அங்கே எல்லா மரையும் அவர் கையால் போட்டவை. நான் பேக்கிங்குக்குப் போனால் யாருக்கு வசதி? திண்டிவனம் வருவதற்குள் மனதில் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமல், கை கழுவும் இடத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் மெஷினை நிறுத்தினார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். ட்ரில்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு சாணை மெஷினுக்குப் போனார். நான் ஓடினேன்.

"என்னாண்ணா பண்றீங்க?"

"மொனை மழுங்கிப்போச்சு. தீட்டிக்கினு இருக்கேன், தெரியல?"

"எங்கிட்ட சொல்லவேணாமா?"

"ட்ரில்லு தீட்டுறதுக்கு ஒனக்கு லெட்டர் எழுதணுமா? போய் சாப்பிடு, கொழம்பு ஆறிடப்போவுது."

தினமும் காலையில் ஒவ்வொரு கருவியின் நீளத்தையும் அளந்து மெஷினில் பதிவேன். தீட்டிய ட்ரில்லை அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர் குட்டை. பழைய நீளத்தை நம்பி மெஷின் இறக்கினால் துளை ஆழம் குறையும். டேப் அடியில் முட்டி முறியும். புது நீளத்தைப் பதிந்தேன். அன்று மதியம் எதுவும் முறியவில்லை.

"ட்ரில்லு குட்டையானா ஆழம் கொறையும்னு உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

"கம்ப்யூட்டரு பாத்துக்காதா? அதுக்கு எல்லாம் தெரியும்னு நீதானப்பா சொன்ன, வந்த அன்னிக்கே."

சொன்னேன்தான். பட்டறையே கேட்கும்படி சொன்னேன். ஆனாலும் ஒன்று இடிக்கிறது. கையால் மரை போடும்போது இவர் ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டு ஆழம் பார்க்காமல் டேப்பை வைத்ததில்லை, நானே பார்த்திருக்கிறேன். மெஷினுக்கு மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போயிற்று? பதில் சொல்லும்போது அவர் உதட்டோரம் லேசாகச் சுழித்தது. அது சிரிப்பா என்று இன்னும் தெரியவில்லை.

ட்ரில் முடிந்ததும் மெஷின் தானாக நிற்கும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். நாளை மதியம் கம்பியை அண்ணன் கையிலேயே கொடுப்பேன். ஆழம் பார்த்துவிட்டு, டேப் இறங்க அவரே பச்சைப் பொத்தானை அழுத்தட்டும். என் டிபன் பாக்ஸை மட்டும் மெஷின் பக்கத்திலேயே திறக்கப்போகிறேன்.