அம்மா கழுவிய கால்கள்

பக்கத்து வீட்டில் வேப்பிலை போட்டு வெந்நீர் காய்ச்சுகிற மணம் வந்தது. முன்பு எங்கள் ஊரான காரோட்டில் அம்மா தினமும் இப்படியொரு வெந்நீரோடு நிலக்காரி வீட்டுக்குப் போவாள்.

அவள் நிலத்தில் நின்ற குடிசையிலிருந்து எங்களை வெளியேற்ற வழக்குப் போட்டவள் அவள். குடியிருப்பவர்களுக்கே மனை என்று புதுச் சட்டம் வந்து, குடிசை நின்ற பத்து சென்ட் எங்களுக்கே ஆனது. பிறகு அவள் பிள்ளைகள் கல்ஃபுக்குப் போனார்கள்; அவள் வாதம் வந்து படுத்துவிட்டாள்.

அங்கே அம்மா என்னதான் செய்கிறாள்? ஒருநாள் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தேன். அம்மா மண்டியிட்டு நிலக்காரியின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நம்மள எறக்கிவிடப் பாத்தவளாக்கும். அவளுக்கு எதுக்கும்மா செய்யணும்?"

"இயேசு கழுவின கால்கள்ல யூதாசுக்க காலும் உண்டு மக்கா."

மறுநாளும் பார்த்தேன். ஒருகாலத்தில் எங்களை வாசல் தாண்ட விடாத நிலக்காரி, கட்டிலைத் தட்டி, "இங்கன இரி, தங்கம்மா" என்றாள்.

அம்மா உட்கார்ந்தாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.