தண்ணீர் வராத ஓடை

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் மழை ஏமாற்றிவிட்டது. மம்சாபுரம் பக்கம் எங்கள் கண்மாய்க்குள் மாடு மேய்ந்தது. என் வீட்டுக்காரருக்கு எதைச் சொன்னாலும் கோபம். அப்படிப்பட்ட மனுசனுக்கு அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்ததும் தலைகால் புரியவில்லை.

என் தங்கச்சியைக் கண்மாய்க்குக் கீழே ஓடைக்கரைத் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக விழுந்து அந்த ஓடையில்தான் போகும். ஓடை ஓடத் தொடங்கியதுமே தெருக்காரர்கள் ஆடு, அரிசி, பாத்திரத்தையெல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

மழை விடாமல் பெய்த அந்த வாரம் அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இம்புட்டு மழைக்கும் ஓடையில கணுக்கால் நனையத் தண்ணி வரல. இந்த வருசம் சட்டிபானையத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்."

கண்மாய் நிறைந்து கிடக்கும்போது ஓடை எப்படிச் சும்மா கிடக்கும்? மறுநாள் காலையில் நனைந்துகொண்டே கலுங்குக்குப் போனேன். அடப் பாவிகளா! கலுங்கின் மேல் இடுப்புயரத்துக்குக் கல்லும் களிமண்ணும் அடுக்கி, பனந்தடியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் சேர்க்கிறார்களாம். அடுக்கின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது தண்ணீர். என் வீட்டுக்காரரும் அங்கேதான், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு.

"கல்ல எடுங்க. என் தங்கச்சி கீழ இருக்கா."

"செத்த பொறு. மழ வெறிச்சிரும். ரெண்டு வருசம் கழிச்சு வந்த தண்ணிய எவனாவது வெளிய விடுவானா?"

நானே குனிந்து ஓரத்துக் கல் ஒன்றைப் பெயர்த்தேன். அங்கே நின்ற பெரியவர் ஒருவர் அதைப் பிடுங்கித் திரும்ப வைத்தார். "ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வேல? வீட்டப் பாத்துப் போ."

வாயில் வந்தபடி ஏசிவிட்டுத் தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். தெருவில் யாரும் நம்பவில்லை. ஓடையைக் காட்டிச் சிரித்தார்கள். தங்கச்சி மட்டும் அரைமனதாய்க் கிளம்பினாள். அவள் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து உள்ளே படுத்திருந்தார். எழுப்பப் போனேன்.

"எழுப்பாதக்கா, அவிய இப்பத்தான் கண்ணசந்தாக. மொதல்ல பிள்ளையக் கொண்டு விட்டுட்டு வந்துருவோம்."

பிள்ளையை அவளும் அரிசிப் பானையை நானும் தூக்கிக்கொண்டு மேடேறினோம். பள்ளிக்கூடப் படியில் கால் வைக்கும்போது சத்தம் கேட்டது. அடுக்கு மொத்தமும் பிடுங்கிக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்க வேண்டிய தண்ணீர் ஒரே மூச்சில் வந்தது. மண்சுவர் வீடு, நிற்குமா? பிள்ளையை இறக்கிவிட்டு ஓடப் பார்த்தவளை இடுப்போடு கட்டிப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. தெருவில் விழித்திருந்தவர்கள் சத்தம் கேட்டு மேட்டுக்கு ஓடிவந்துவிட்டார்கள். மழை வெறித்த பிறகு, ஓடையோரக் கருவேலம் புதரிலிருந்து அவள் வீட்டுக்காரரை எடுத்தார்கள்.

கலுங்கு அசையவில்லை. மேலே அடுக்கியது மட்டும்தான் போனது. பழைய மட்டத்துக்குக் கண்மாய் நிறைந்தே நின்றது. அந்த வருடம் எங்களுக்கு நல்ல விளைச்சல். அன்றைக்குக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்திருந்தாலும் இதே தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும், இதே நெல்தான் விளைந்திருக்கும். நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது.

தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் பிள்ளையோடு இருந்தாள். அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வெளியே வந்தாள். அழவில்லை, ஏசவும் இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

"மச்சான், ஒரு போகம் வெளையலன்னா நீங்க செத்தா போயிருப்பீக?"

அவர் மூட்டைக்குக் குனிந்தார். இறக்கிய மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்ற நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன்.

அந்த அரிசியைத்தான் அடுத்த அறுப்பு வரை நாங்கள் சாப்பிட்டோம்.