சாப்பாட்டுக்கு முன் ஒன்று

1991-இல் ஒரகடம் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். டாக்டர் கிறுக்குவதைத் தமிழில் சீட்டாக எழுதிக் கொடுப்பது, சிறுநீரைக் காய்ச்சிச் சர்க்கரை பார்ப்பது, கிழவர்களைத் திட்டுவது, மூன்றும் என் வேலை. மூன்றாவதை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

வடக்குப்பட்டிலிருந்து ஒரு ரிடையர்டு தபால்காரர் வருவார். வலது கால் பெருவிரலில் புண். நான்தான் கட்டு மாற்றுவேன். விரல் கறுத்துக்கொண்டே வந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான், மேலே ஏறினால் காலே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வாரமாக மாத்திரை கொடுத்தும் சர்க்கரை இறங்கவில்லை, நீல மருந்தோடு அவர் சிறுநீரைக் காய்ச்சினால் செங்கல் நிறம்தான். சூளையே போடலாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாத்தா, திருட்டுத்தனமா என்ன திங்கிறீங்க?"

"சத்தியமா ஒண்ணியும் இல்ல நர்சம்மா. டீயில கூட சக்கர கெடையாது. மாட்டு மூத்திரம் மாதிரி கீது."

"கோயில் பொங்கல்?"

"பெருமாளே கோச்சுக்கினு கீறாரு. நான் அந்தப் பக்கமே போறதில்ல."

நான் நம்புவேனா? கூட வந்த அவர் மனைவியையும் விடவில்லை. "நீங்கதான் செல்லம் குடுத்துக் கெடுக்கிறீங்க" என்றேன். "கொழந்தையா இது, செல்லம் குடுக்க?" என்று அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவருடைய மஞ்சள் பையைப் பிடுங்கிக் கொட்டினேன். கமர்கட் விழும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைப்பு. விழுந்தது மாத்திரை. பட்டை பட்டையாக, பிரிக்காத மாத்திரை.

"ஐயோ, ஏன் போடல?"

"போட்டுக்கினுதானே கீறேன்? சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு. நீதானே எழுதிக் குடுத்த?" சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். என் கையெழுத்துதான்.

"காலையில? ராத்திரி?"

"காலைல கூழு. ராத்திரி இட்லியோ உப்புமாவோ, டிபன். சாப்பாடு மத்தியானம் ஒரு வேளதானே?"

ஸ்ரீபெரும்புதூர் ஓட்டல்களில் 'சாப்பாடு தயார்' போர்டை மத்தியானம்தான் மாட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே தினமும் பஸ் ஏறியவள் நான். டாக்டர் சொன்னது மூன்று வேளை. அந்த இரண்டு வார்த்தையை எழுதச் சோம்பல்பட்டவளும் நானேதான். வாய் மட்டும் ஊருக்கு முன்னால் ஓடும்.

அன்றே சீட்டை மாற்றி எழுதினேன். சர்க்கரை இறங்கியது. கால் பிழைத்தது. விரல் பிழைக்கவில்லை, பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் கட்டு மாற்றக் காலை நீட்டினார். அந்தக் காலியிடத்தைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "தப்பு என்னுது தாத்தா. மூணு வாரம் உங்களைத் திருடன்னு திட்டினேன்" என்று அழுதுவிட்டேன்.

"அட, இன்னாம்மா நீ. வெலாசம் இன்னா எழுதிகீதோ, லெட்டர் அந்த வூட்டுக்குத்தானே போவும்? முப்பது வருசம் அப்டித்தான் குடுத்தேன். கட்ட மாத்து, பஸ்சு போயிடும்."

மாற்றினேன். அன்று நான் யாரையும் திட்டவில்லை.