ஜன்னலடிக்குப் போன சோபா

தீபாவளிக்கு பனியன் கம்பெனி லீவு விட்டிருந்தது. சும்மா கிடந்த எனக்கு வீட்டை அழகுபடுத்தும் கிறுக்குப் பிடித்தது. புதிதாக எதுவும் வாங்காமல், இருக்கிற சாமான்களை இடம் மாற்றியே செய்துவிடுவது என்று கொள்கை முடிவு. வாங்கக் காசில்லை என்பது வேறு விஷயம்.

பீரோ முன்னறைக்கு வந்தது. மனைவியின் பழைய சேலை திரைச்சீலையானது. அவள் ஜன்னலடியில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் முக்காலியைத் தூக்கி, பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே போட்டேன். தைத்த பனியன்களில் தொங்கும் நூலைத்தான் பிசிறு என்போம். என் கம்பெனியிலிருந்தே கட்டுக்கட்டாக வாங்கி வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. ஜன்னலடியில் சோபா ராஜா மாதிரி உட்கார்ந்தது.

"எப்படி இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள், கொஞ்சம் இழுத்து. பாராட்டு கிடைத்த அவசரத்தில் இழுவை என் காதில் விழவில்லை. சாய்ந்து உட்கார்ந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். மேஜைக்கு மேல் ஒரு டியூப்லைட் மங்கினாலும் எலெக்ட்ரீசியனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். லீவு முடிந்த சில நாளில் கறுப்பு பனியன் கட்டு ஒன்று வந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல். பீசுக்குப் பீஸ் பிசிறு தொங்கியது.

"கண்ண மூடிட்டு வெட்டுனாங்களா? இவங்களுக்கு இனிக் கட்டே குடுக்காதீங்க" என்று சத்தம் போட்டுக் கட்டைத் திருப்பினேன்.

செக்கிங் அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார். "உங்க ஊட்டுக்காரம்மா குடுத்த கட்டுங்க."

மேஜை மொத்தமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலை பார்த்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் வாசற்படியில், மிச்சமிருந்த வெளிச்சத்தில், ஒரு பீஸை மூக்கருகே பிடித்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மூலையில வெளிச்சம் பத்தலைன்னு சொல்லக்கூடாதா?"

"ஆசையா மாத்துனீங்க. வர்றவங்களுக்கெல்லாம் வேற காட்டுனீங்க. எப்படிங்க சொல்றது?" கத்தரியைக் கீழே வைத்தாள். "கட்டு திரும்பிருச்சாமே. யாருங்க திருப்புனது?"

"நாந்தான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அடுத்த கட்டு குடுப்பாங்களாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதே சோபாவை இழுத்துப் போட்டு, முக்காலியை ஜன்னலடிக்கே கொண்டுவந்தேன். மறுநாள் காலை ஜன்னலடியில் அவள் திரும்பி வந்த கட்டை மறுபடி வெட்டினாள். அந்தக் கட்டை நான் தொடவில்லை; அக்காவைப் பார்க்கச் சொன்னேன். பாஸானது. அடுத்த கட்டும் கிடைத்தது.

பழைய இடத்தை பீரோ பிடித்துக்கொண்டதால், சோபா இப்போது சமையலறை வழியைப் பாதி அடைத்து நிற்கிறது. காபி எடுத்து வரும்போதெல்லாம் அவள் அதில் இடித்துக்கொள்கிறாள். "வலிக்குதா?" என்றால், "இல்லீங்க" என்கிறாள். அதை எப்படி நம்புவது என்றுதான் தெரியவில்லை.